குந்தித் தின்ற குன்று: மயிலாப்பூரின் வட்டி வாழ்க்கை பற்றிச் சில குறிப்புகள்

"ஃபயர்" என்று ஒரு சொல் இப்போது ஐ.டி. பசங்க நடுவில் நிறைய அடிபடுகிறது. நெருப்பு இல்லை. நிதிச் சுதந்திரம், சீக்கிர ஓய்வு என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கம். விஷயம் ரொம்ப எளிது. உங்கள் வருஷச் செலவு எவ்வளவோ, அதைப்போல 25 மடங்கு பணம் சேர்த்துவிடுங்கள். அப்புறம் வேலையை விட்டுவிடலாம். முதல் வருஷம் மொத்தத்தில் 4 சதவீதம் எடுத்துச் செலவு செய்யலாம். அடுத்தடுத்த வருஷங்களில் விலைவாசி ஏறின அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகலாம். பாக்கிப் பணம் முதலீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். 58, 60 வரைக்கும் காத்திருக்க வேண்டாம், 40, 45-லேயே "நாளையிலேர்ந்து வரலை சார்" என்று சொல்லிவிடலாம்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வம்சாவளி சொல்கிறார்கள். வால் ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்த ஜோ டொமிங்கெஸ் என்பவர் 1969-ல், முப்பது வயதை ஒட்டி, வேலையை விட்டார். சேமிப்பை அமெரிக்க அரசுப் பத்திரங்களில் போட்டுவிட்டு அந்த வட்டியில் சிக்கனமாக வாழ்ந்தார். அவரும் விக்கி ராபினும் 1992-ல் எழுதிய புத்தகம்தான் இந்தக் கூட்டத்தின் ஆதி நூல். 1994-ல் கலிஃபோர்னியாவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர், 1926 முதலான அமெரிக்கச் சந்தைக் கணக்கை வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்றவர் வருஷத்துக்கு எவ்வளவு எடுத்தால் 30 வருஷம் பணம் தீராமல் இருக்கும் என்று பார்த்தார். சுமார் 4 சதவீதம் என்று விடை வந்தது. அதைத் திருப்பிப் போட்டால் 25 மடங்கு.

"குந்தித் தின்றால் குன்றும் மாளும்" என்று நம் பாட்டிகள் சொன்னதுதான். பெங்கன் செய்தது அதற்கு ஒரு எண் கொடுத்தது. குந்தித் தின்னத்தான் போகிறோம், எவ்வளவு சின்னக் கவளமாகத் தின்றால் குன்று நம்மோடு கூட வரும்?

புதிதாக இதற்குள் வருகிறவர்கள் டொமிங்கெஸையும் பெங்கனையும் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் நம் ஊரிலேயே, அதுவும் ஒரு நாலைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள், நூற்றைம்பது வருஷமாக மக்கள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மயிலாப்பூர், பிற்பாடு தியாகராய நகர், அடையாறு. இங்கே குன்றுகள் எப்படிச் சேர்ந்தன, எப்படிக் கரைந்தன என்பதைப் பற்றி அவ்வப்போது எடுத்துவைத்த குறிப்புகள் இவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மயிலாப்பூரில் வேலை செய்யாமல் (அல்லது வேலை முடிந்தபின்) உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் மூன்று வகை. ஒருவர் மிராசுதார். தஞ்சாவூர்ப் பக்கம் நிலம், குத்தகை நெல்லோ பணமோ வந்துவிடும், இவர் பட்டணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு இருப்பார். இன்னொருவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். 55 வயதில் பென்ஷன். அந்தப் பணத்துக்கு அரசாங்கம் பொறுப்பு, சந்தை விழுந்தாலும் எழுந்தாலும் இவருக்குக் கவலை இல்லை. மூன்றாமவர் ஹைகோர்ட் வக்கீல். லஸ் சர்ச் ரோட்டில் தோட்டம் வைத்த பெரிய வீடு, கோச்சு வண்டி, நல்ல வருமானம். ஆனால் அவருக்குப் பென்ஷன் கிடையாது. குத்தகையும் தானாக வராது. வாதாடுகிற குரல் இருக்கிற வரைக்கும்தான் ஃபீஸ்.

ஆகவே இன்றைய "ஃபயர்" ஆளுக்கு நேர் முன்னோர் மிராசுதாரும் இல்லை, பென்ஷன்காரரும் இல்லை, இந்த வக்கீல்தான். தன் குன்றைத் தானே கட்ட வேண்டியிருந்தவர். அவருக்கு இருந்த வழிகள் குறைவு. நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம். சர்க்கார் பத்திரம் வாங்கலாம், அதில் 3½ சதவீதம். இல்லையென்றால் கடற்கரைச் சாலையில் இருந்த வெள்ளைக்கார வணிக நிறுவனங்களில் டெபாசிட் போடலாம். சர்க்கார் கொடுத்ததைவிட அங்கே வட்டி கூட.

அப்படிப்பட்ட நிறுவனங்களில் பாரி, பின்னி, அர்பத்நாட் மூன்றும் பெரியவை. அர்பத்நாட் கம்பெனிக்கு 1810 வரை போகிற பூர்வீகம். கப்பல், ஏஜென்சி, தோட்டம், வங்கி என்று எல்லாத் தொழிலும் உண்டு. தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட், நகரத்தின் பெரிய மனிதர்களில் ஒருவர். அங்கே பணம் போடுவது என்பது மதிப்பான விஷயம். ஜமீன்தார்கள் போட்டார்கள், வக்கீல்கள் போட்டார்கள், ரிட்டயர் ஆன தாசில்தார்கள் போட்டார்கள், கோயில் பணம், விதவைகளின் பணம் எல்லாம் போனது.

யாரும் கவனிக்காத ஒரு சங்கதி: அது ஒரு கூட்டாளி நிறுவனம். இன்றைய வங்கி மாதிரி கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மேஜைக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறது என்று டெபாசிட்தாரருக்குத் தெரியாது. கட்டடமும், பெயரும், ஒவ்வொரு தவணையும் தவறாமல் வந்த வட்டியும்தான் அவருக்குத் தெரிந்தவை. அந்தப்பக்கம் என்ன நடந்ததென்றால், மெட்ராஸ் டெபாசிட் பணம் கடல் கடந்து ஊக வியாபாரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. லண்டனில் கூட்டு நிறுவனமான மாக்ஃபாடியன் முதலில் சரிந்தது. 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, மெட்ராஸில் அர்பத்நாட் கதவைச் சாத்தியது.

ஆயிரக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சர் ஜார்ஜ்மீது வழக்கு நடந்து 1907-ல் 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஒரு வெள்ளைக்கார 'சர்' ஜெயிலுக்குப் போனது அன்றைக்குப் பெரிய செய்தி. ஆனால் டெபாசிட்தாரருக்கு அதனால் என்ன? ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று வட்டியை நம்பியிருந்த ஒருவர் மறுபடி போய் எங்கே சம்பாதிப்பார்? நீதி கிடைத்தவர்களுக்குக்கூட முதல் திரும்பவில்லை. வட்டியில் வாழ்கிறவருக்கும் சம்பளத்தில் வாழ்கிறவருக்கும் இதுதான் வித்தியாசம். சம்பளக்காரர் சேமிப்பை இழந்தால் அடுத்த மாசம் சம்பளம் வரும். குந்தித் தின்கிறவருக்கு அந்த அடுத்த மாசம் கிடையாது.

கடன்காரர்கள் தரப்பில் நின்ற வக்கீல்களில் முக்கியமானவர் மயிலாப்பூர்க்காரரான வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் கோர்ட்டில் வாதாடுவதோடு நிற்கவில்லை. நம் பணத்தை வைக்க நமக்கே ஒரு வங்கி வேண்டும் என்று சில வாரங்களுக்குள் ஆட்களைத் திரட்ட ஆரம்பித்தார். செட்டிநாட்டு மூலதனமும் மயிலாப்பூர்ச் சட்ட மூளையும் சேர்ந்தன. இந்தியன் பேங்க் 1907 ஆகஸ்ட் 15-ல் வேலையைத் தொடங்கியது. (அந்தத் தேதிக்குச் சரியாக நாற்பது வருஷம் கழித்துத் தேசத்துக்கும் ஒரு முகூர்த்தம் குறித்தார்கள்.) சுதேசி உணர்ச்சி என்று இதைப் பாடப் புத்தகங்கள் சொல்லும். இருக்கட்டும், அதுவும் உண்மைதான். ஆனால் அதன் அடியில் இருந்தது முதுமைக்காலச் சோற்றுக் கவலை என்று எனக்குப் படுகிறது.

வங்கிக்கு முன்னாலேயே மயிலாப்பூருக்கு இன்னொரு யோசனை வந்திருந்தது. நிதி. இதை விளக்காமல் மேலே போக முடியாது, ஏனென்றால் சென்னையின் ஓய்வுக்கால வரலாறே பாதி இதற்குள் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மெட்ராஸில் பரஸ்பர உதவி ஃபண்டுகள் முளைத்தன. மாசாமாசம் ஒரு தொகை போடுவார்கள், அந்தப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கடன் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் தொழிலாளர்கள் வீடு கட்ட நடத்திய சொசைட்டிகள் இதற்கு மாதிரி. அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, எல்லா உறுப்பினருக்கும் தொகை கிடைத்ததும் கலைந்துவிடுவது. இன்னொன்று, பழையவர்கள் போகப் போகப் புதியவர்கள் வந்து, கலையாமல் நிரந்தரமாக நடப்பது. "பெர்மனென்ட் ஃபண்ட்" என்ற பெயரில் இருக்கிற பெர்மனென்ட் இதுதான். தமிழில் "சாசுவத நிதி" என்பார்கள். பணம் சாசுவதமாக இருக்கும் என்று பலர் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். பெயர் சொன்னது சங்கம் கலையாது என்பதை மட்டும்தான்.

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-ல் தொடங்கியது. இந்தியன் பேங்குக்கு 35 வருஷம் மூத்தது. அர்பத்நாட் விழுந்தபோதும் இது நின்றது. ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு நிதி எப்படி நடக்கிறது என்று பார்த்தால் போதும். உறுப்பினரிடம் மட்டும்தான் டெபாசிட் வாங்கலாம், உறுப்பினருக்கு மட்டும்தான் கடன் கொடுக்கலாம். கடனுக்கு ஈடு நகை, வீட்டுப் பத்திரம், அல்லது அங்கேயே போட்டிருக்கிற டெபாசிட். பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஒரு வீட்டில் வளையலை வைத்துக் கடன் வாங்குவார்கள், அந்தக் கடனுக்கு அவர்கள் கட்டுகிற வட்டிதான் எதிர்வீட்டுப் பாட்டிக்கு மாச வருமானம். கடன் வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் ஒரே குளத்தங்கரையில் நடக்கிறவர்கள். பணம் தென்னாப்பிரிக்காவுக்குப் போக வழியே இல்லை.

இந்த அமைப்பின் பலம் அந்தச் சின்ன வட்டம்தான். அதன் பலவீனமும் அதுவே. "நம்ம ஃபண்ட்" என்கிற பேச்சு வந்துவிட்ட இடத்தில் பாலன்ஸ் ஷீட்டை யார் வாங்கிப் பார்ப்பார்கள்? இயக்குநர் யார் என்றால் "நல்ல மனுஷன், நம்ம தெருக்காரர்தான்" என்று பதில் வரும். அந்தப் பதில் பல வருஷம் சரியாகவும் இருந்தது.

ஓய்வுக்காலத்துக்கு வீடு என்கிற வழியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1920-களில் மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். இந்தியா சுதந்திரம் அடைந்ததை ஒட்டி அடையாறில் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் முயற்சியில் காந்தி நகர் வந்தது. இங்கெல்லாம் மனை வாங்கின உத்தியோகஸ்தர்கள் வீட்டை வசிக்க மட்டும் கட்டவில்லை. கீழே தாங்கள், மாடியில் ஒரு குடித்தனம், பின்கட்டில் ஒரு "போர்ஷன்". அந்த வாடகைதான் அவர்களுடைய இரண்டாவது பென்ஷன். 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் பழைய குடித்தனக்காரர் பழைய வாடகையிலேயே இருந்தார், வீட்டுக்காரருக்கு அந்தப் பென்ஷன் சுருங்கியது. குடித்தனக்காரர் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பாதி மெட்ராஸ் குடித்தனத்தில்தான் இருந்தது.

மிராசுதாரின் கதையும் அப்படித்தான். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர், 1970-ல் அது 15. உழாமல் தின்ற குன்று அது. உழுதவர்களுக்கு உரிமை வந்தபோது கரைந்தது. இதற்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் "ஃபயர்" பற்றிப் பேசும் இளைஞர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். உட்கார்ந்து வாங்கும் வருமானம் எதுவானாலும் அந்தப்பக்கம் ஒருவர் நின்று உழைத்துக் கொடுப்பதுதான். குத்தகையோ, வாடகையோ, டிவிடெண்டோ. அந்த ஒருவரின் நிலைமை மாறினால், சட்டம் மாறினால், வருமானமும் மாறும். அதை எக்செல் ஷீட்டில் போட இடமில்லை.

விலைவாசி தனிக் கதை. 1974-ல் இந்தியாவில் ஒரே வருஷத்தில் விலைவாசி 25 சதவீதத்துக்கும் மேலே ஏறியது. பத்து வருஷ டெபாசிட்டில் நிலையான வட்டி வாங்கிக்கொண்டிருந்தவரின் முதல் பத்திரமாகத்தான் இருந்தது. அரிசிக் கடையில்தான் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. இந்த மாதிரி இழப்புக்கு நினைவுநாளும் கிடையாது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்குச் சென்னையின் சுவர் விளம்பரங்கள் ஞாபகம் இருக்கும். பெனிஃபிட் ஃபண்ட், ஃபைனான்ஸ், தேக்கு மரத் திட்டம். வங்கி 10, 12 கொடுத்த காலத்தில் இவர்கள் 18, 20, அதற்கும் மேலே. தேக்கு வளர்த்துத் தருகிறோம் என்ற அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-ல் சரிந்தது. அதற்கு முந்தைய வருஷமே தமிழக அரசு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. நிதிகளில் பலவும் அந்த அலையில் போயின. 2000-ல் முன்னாள் தலைமைச் செயலாளர் சபாநாயகம் தலைமையில் மத்திய அரசு குழு அமைத்து நிதிகளுக்கான விதிகளைத் திருத்த முயன்றது. 2014-ல் வந்த நிதி விதிகள் இன்னும் கொஞ்சம் இறுக்கின. சொந்த நிதியைப்போல 20 மடங்குக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது, டெபாசிட்டில் பத்தில் ஒரு பங்கை வங்கியிலோ தபால் நிலையத்திலோ வைக்க வேண்டும், டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது.

இப்போது என் குறிப்புகளில் நான் அதிக நேரம் செலவிட்ட இடத்துக்கு வருகிறேன். நம் ஊரில் கூட்டம் கூட்டமாகச் சீக்கிர ஓய்வு பெற்றவர்கள் உண்டென்றால் அது 2000-01-ல். பொதுத்துறை வங்கிகளின் விருப்ப ஓய்வுத் திட்டம். வி.ஆர்.எஸ். பதினைந்து வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது முடிந்திருந்தால் போதும். ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மிச்ச சர்வீஸுக்கான சம்பளம், எது குறைவோ அது. நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அப்போது தெருவுக்கு இரண்டு பேராவது இருந்திருப்பார்கள்.

அவர்கள் முட்டாள்கள் இல்லை. வங்கிக்காரர்கள், வட்டிக் கணக்கு விரல் நுனியில் இருந்தவர்கள். அவர்கள் போட்ட கணக்கு இன்றைய 25 மடங்குக் கணக்கைவிடச் சுலபமானது. கையில் 10 லட்சம், வட்டி 11, 12 சதவீதம், மாசம் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் வரும், அன்றைக்கு அது குடும்பம் நடத்தப் போதும். 1986 முதல் பதினாலு வருஷம் பி.பி.எஃப். வட்டி 12-லேயே நின்றிருந்தது. ஒரு தலைமுறை ஊழியர்களுக்கு 12 சதவீதம் என்பது தட்பவெப்பம் மாதிரி ஆகிவிட்டது. மாறும் என்று யார் நினைப்பார்கள்?

2000 ஜனவரியில் அது 11 ஆனது. 2001-ல் 9½. 2002-ல் 9. 2003 மார்ச்சில் 8. வங்கி டெபாசிட் இதைவிட வேகமாக இறங்கியது. மூன்றே வருஷத்தில் பி.பி.எஃப். கணக்கிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 12 சதவீதத்தில் 1,20,000 தந்த 10 லட்சம், 8 சதவீதத்தில் 80,000 தந்தது. "அப்படின்னா யூ.டி.ஐ.ல போடலாம், சர்க்கார் மாதிரிதானே" என்று நினைத்தவர்களுக்கு 2001 ஜூலையில் இன்னொரு அடி. யூ.எஸ்.64 திட்டத்தில் யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதை ஆறு மாசம் நிறுத்திவைத்தார்கள். 2004-ல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 9 சதவீதத்தில் வந்தது. ஆனால் அது 60 வயதானவர்களுக்கு. விருப்ப ஓய்வு பெற்றவர் என்றால் 55. நாற்பத்தைந்தில் வெளியே வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மாமா இதில் வெளியே வந்தவர். அப்போது வயது 47. முதல் வருஷம் காலையில் மெரினாவில் நடை, சாயங்காலம் கச்சேரி. மூன்றாவது வருஷம் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தார். கேட்டால், "பொழுது போகலைடா" என்பார். பொழுது மட்டும் இல்லை என்று மாமிக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவருடைய பேட்ச்சில் பென்ஷன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். அதை வேண்டாமென்று சொல்லி மொத்தமாக பி.எஃப். வாங்கினவர்கள்தான் திணறினார்கள். 1995-ல் வங்கிப் பென்ஷன் வந்தபோது ஒரு தாளில் போட்ட கையெழுத்து அது.

அமெரிக்கப் புத்தகங்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றன. ஓய்வின் முதல் சில வருஷங்களில் கெட்ட காலம் வந்தால், பின்னால் நல்ல காலம் வந்தாலும் குன்று மீளாது என்று. அங்கே அதைப் பங்குச் சந்தைச் சரிவோடு சேர்த்துப் பேசுவார்கள். நம் ஊரில் பங்குச் சந்தை பக்கமே போகாதவர்களுக்கும் அது நடந்தது, ஃபிக்ஸட் டெபாசிட்டிலேயே.

வட்டி இறங்கின அந்த இருபது வருஷத்தில்தான் ஒரு ஒன்று, இரண்டு சதவீதம் கூடக் கொடுக்கும் இடங்களைத் தேடி வயதானவர்கள் மறுபடி நகர்ந்தார்கள் என்பது என் ஊகம். பேராசை என்று அதைச் சொல்பவர்கள் மாசக் கடைசியில் மருந்துக்கடை பில்லைப் பார்த்ததில்லை. வங்கி 6 கொடுக்கும்போது 9 கொடுக்கும் நிதி, அதுவும் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற நிதி, என்றால் கை அங்கேதான் போகும்.

2023, 24-ல் மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டின் டெபாசிட்தாரர்கள், முதிர்ந்த தொகை வரவில்லை, கொடுத்த செக்கும் திரும்புகிறது என்று புகார் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2024 ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு அதன் தலைவரைக் கைது செய்தது. வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. புகார் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் என்னை நிறுத்தியது. எழுபது, எண்பது வயதுக்காரர்கள். 152 வருஷத்துப் பெயரை நம்பினவர்கள். அதில் நிறையப் பேர் பெண்கள். கணவரின் பி.எஃப்., வீடு விற்ற பணம், பிள்ளை அமெரிக்காவிலிருந்து அனுப்பினது, எல்லாம் ஒரே பாஸ்புக்கில்.

1906-ல் வெளியூர்க்காரரை நம்பிக் கெட்டோம், ஆகவே நம்மவரை நம்புவோம் என்று மயிலாப்பூர் முடிவு செய்தது. வெள்ளைக்காரன், நம்மவன் என்பதில் இல்லை விஷயம் என்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. இரண்டு இடத்திலும் மேஜைக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறது என்று இந்தப்பக்கம் இருந்தவருக்குத் தெரியவில்லை, இரண்டு இடத்திலும் அவர் மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்திருந்தார்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கேரளத்தில் பாலை சென்ட்ரல் பேங்க் 1960-ல் விழுந்தபின் 1962 ஜனவரி 1 முதல் இந்தியாவில் வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது. அப்போது ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரை. 1993-ல் 1 லட்சம். 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம், வட்டியும் சேர்த்து. இது வங்கிக்கு மட்டும்தான். நிதிகளுக்கு இல்லை, நகைக்கடைச் சீட்டுக்கு இல்லை. வாசலில் எத்தனை பழைய தேதி எழுதியிருந்தாலும் இல்லை.

என் அக்கா பையன் ஓ.எம்.ஆரில் வேலை. 41 வயது. நாலு வருஷத்தில் வெளியே வந்துவிடுவதாகத் திட்டம். அவன் ஷீட்டைக் காட்டினான். மாசச் செலவு 60,000, வருஷத்துக்கு 7,20,000, அதைப்போல 25 மடங்கு 1 கோடியே 80 லட்சம். கிட்டத்தட்ட நெருங்கிவிட்டான். அவனிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி.

முதலாவது, எத்தனை வருஷத்துக்கு? பெங்கன் பார்த்தது 30 வருஷம், அமெரிக்கச் சந்தை. அன்றைய மயிலாப்பூர்ப் பென்ஷன்காரர் 55-ல் வெளியே வந்து பதினைந்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் போதும். இவன் 45-லிருந்து 90 வரை போட வேண்டும். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிக்கும். 36 வருஷத்தில் எட்டு மடங்கு. இன்றைய 60,000, அவனுடைய 77-வது வயதில் 4,80,000. வருஷத்துக்கு 4-க்குப் பதில் 3 சதவீதம்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் தேவை 2 கோடியே 40 லட்சம். அவன் முகம் கொஞ்சம் வாடியது. மூன்று வருஷம் கூட வேலை, அவ்வளவுதான்.

இரண்டாவது, 60,000 யாருடைய செலவு? அதில் அக்காவின் மருத்துவச் செலவு இருக்கிறதா, ஆபீஸ் கொடுக்கிற மருத்துவக் காப்பீடு போனபின் சொந்தமாக எடுக்க வேண்டிய பிரீமியம் இருக்கிறதா? இல்லை. சேர்த்துப் போடச் சொன்னேன்.

மூன்றாவதுக்குத்தான் அவன் ஷீட்டில் கட்டமே இல்லை. இந்தப் பணம் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, உன் மனைவிக்கு அது எங்கே என்று தெரியுமா? இரண்டு மியூச்சுவல் ஃபண்ட், ஒரே கம்பெனியுடையவை. ஒரு வங்கியில் 40 லட்சம் டெபாசிட். எல்லாம் இவன் பெயரில், நாமினி இடம் காலி. அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் ஒரு நீளமான நோட்டில் ஒவ்வொரு கணக்கின் எண்ணையும் கையால் எழுதிக்கொண்டாள். 40 லட்சத்தைப் பிரித்தார்கள். கொஞ்சம் தபால் நிலையத்துக்கு, கொஞ்சம் வேறு இரண்டு வங்கிகளுக்கு, அவள் பெயரிலும். வட்டியில் கால் சதவீதம் குறையும் என்று அவன் முனகினான். அவள் கணக்குப் போட்டுப் பார்த்து, வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் என்றாள்.